ஒட்டடைக்குச்சியை எடுக்கும் முன்

அய்யலூரில் வியாழக்கிழமை கூடும் ஆட்டுச் சந்தைக்குப் போயிருக்கிறீர்களா? விவரம் தெரிந்த வியாபாரி ஆட்டின் நிறத்தைப் பார்த்து மயங்க மாட்டார். நேராக அதன் வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பார். கறுப்போ வெள்ளையோ செவலையோ, வயதைச் சொல்வது பல்தான். சிலந்தியை அடையாளம் காண்பதும் அப்படித்தான். "பழுப்பா, நீளமான காலோட ஒண்ணு இருந்துச்சு" என்று சொன்னால் அதற்குள் நூறு வகை அடங்கிவிடும். ஒரே வகையில் ஆண் ஒரு நிறம், பெண் ஒரு நிறம், குஞ்சு இன்னொரு நிறமாக இருக்கும். அதனால் நிறத்தைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். எங்கே இருக்கிறது? வலை கட்டியிருக்கிறதா? கட்டியிருந்தால் அது எந்த வடிவம்? முட்டையை எங்கே வைத்திருக்கிறது? இவற்றுக்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி கொஞ்சம் கடினம்தான். உலகச் சிலந்திகளின் பட்டியலைச் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து அருங்காட்சியகம் பராமரிக்கிறது. 2022 ஏப்ரலில் அந்தப் பட்டியல் 50,000ஐத் தொட்டது. இந்தியாவில் மட்டும் 1,900க்கு மேல் இருக்கின்றன. நெருங்கிய இரண்டு வகைகளைப் பிரித்துச் சொல்ல ஆராய்ச்சியாளர்களுக்கே நுண்ணோக்கி வேண்டும். நமக்கு அவ்வளவு தேவையில்லை. எந்தக் குடும்பம் என்று சொல்லிவிட்டாலே போதும். நம் வீடுகளில் அடிக்கடி கண்ணில் படுபவை ஏழெட்டுக் குடும்பங்கள்தான்.

அண்ணாந்து பார்ப்பதிலிருந்து தொடங்கலாம். கூரை மூலையில், பரணுக்கு அடியில், கழிவறை ஜன்னலோரத்தில் ஒழுங்கே இல்லாத ஒரு வலை இருக்கும். அதில் ஒரு சிறு உடம்பு, மயிரிழை போன்ற கால்களோடு தலைகீழாகத் தொங்கும். லேசாக ஊதிப் பாருங்கள். உடனே உடம்பை அப்படியே வேகமாகச் சுழற்றி அதிரும். அதிர்வில் அதன் உருவமே மங்கிப்போகும். பல்லிக்கோ குளவிக்கோ எங்கே கொத்துவது என்று தெரியாமல் போகட்டும் என்பதற்கான வித்தை அது. இதுதான் நடுங்கும் சிலந்தி. நம் வீடுகளில் மிகுதியாக இருக்கும் வகைக்கு வயிற்றின் பின்முனை கொஞ்சம் மேல்நோக்கிப் புடைத்துக் கூராக இருக்கும். அறிவியலில் அதன் பெயர் க்ராஸோப்ரைஸா லயோனி.

அம்மா ஒட்டடைக்குச்சியால் இழுத்தெடுக்கும் நூலாம்படையில் பெரும்பகுதி இதன் பழைய வலைதான். புதிய இழை கண்ணுக்கே தெரியாது. நாள்பட்ட இழையில் அடுப்புப் புகையும் தெருப் புழுதியும் படிந்து கறுத்த பிறகுதான் நம் கண்ணுக்கு அது அழுக்காகத் தெரிகிறது. வலையில் இப்போது குடியிருப்பவர் இருக்கிறாரா என்று அறிய நேர் கீழே சுவரையோ தரையையோ பாருங்கள். சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் ஆள் வீட்டில்தான் இருக்கிறார். சிலந்தியின் கழிவு அது. குவானின் என்ற பொருள் அதில் மிகுதி, அதனால்தான் வெள்ளை நிறம்.

இந்தச் சிலந்தியில் தாயைக் கண்டுபிடிப்பது எளிது. முட்டைகளை நாலைந்து இழைகளால் மட்டும் கட்டி, அந்த உருண்டையை வாயிலேயே கவ்விக்கொண்டிருக்கும். குஞ்சு பொரிக்கும்வரை அதை விடாது. முட்டையை வாயில் வைத்திருக்கும்போது இரை தின்பது எப்படி என்று கேட்பீர்கள். பெரும்பாலும் பட்டினிதான்.

இதை ஒழித்துக்கட்ட வேண்டுமா என்று முடிவெடுக்கும் முன் ஒரு செய்தி. தாய்லாந்து வீடுகளில் இதே வகைச் சிலந்தியைக் கவனித்தவர்கள் 1997இல் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவை இது பிடித்துத் தின்கிறது என்பது அதன் சாரம். பகலில் கட்டிலுக்கு அடியிலும் துணி தொங்கும் கொடியருகிலும் ஒளிந்திருக்கும் கொசுதான் ஏடிஸ். சிலந்தி குடியிருப்பதும் அதே இருட்டில்தான். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது ஒட்டடை அடிக்கத்தான் வேண்டும், வேண்டாம் என்று நான் சொன்னால் உங்கள் வீட்டில் என்னைத் திட்டுவார்கள். தண்ணீர்த் தொட்டிக்கு மேலே இருக்கும் ஒரு மூலையை மட்டும் விட்டுவைக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது, இரவில் விளக்கைப் போட்டதும் வீட்டையே அலற வைக்கும் ஆள். உள்ளங்கை அகலத்துக்குக் கால் விரித்து, சுவரோடு சுவராக ஒட்டியிருக்கும். பழுப்பு நிறம், தட்டையான உடம்பு. கதவு இடுக்கு, காலண்டர் பின்புறம், சாமி படத்துக்குப் பின்னால் என்று எந்தச் சந்திலும் நுழைந்துவிடும். கால்கள் பக்கவாட்டில் திரும்பியிருப்பதால் நண்டைப்போல் பக்கமாகவும் ஓடும். வலை கட்டுவதே இல்லை. முகத்தைப் பார்க்கும் துணிச்சல் இருந்தால் கண்களுக்குக் கீழே ஒரு வெளிர்மஞ்சள் பட்டை தெரியும். இதுதான் வேட்டைச் சிலந்தி. 1767இல் லின்னேயஸ் இதற்குப் பெயர் வைத்தார். இன்றைய அறிவியல் பெயர் ஹெட்டெரோபோடா வெனடோரியா.

இது தின்பது பெரும்பாலும் கரப்பான் பூச்சி. அடுப்படி அலமாரிக்குப் பின்னால் கரப்பான் இருக்கும்வரை இதுவும் இருக்கும். பெண் தன் முட்டைகளைத் தட்டையான வெள்ளை வட்டப் பையில் வைத்து வயிற்றுக்கு அடியில் அணைத்துக்கொண்டே திரியும். சுவரில் ஒரு சிலந்தி வெள்ளைப் பொத்தான் ஒன்றைச் சுமந்து நிற்பதாகத் தெரிந்தால் அது இதுதான், சந்தேகமே வேண்டாம்.

ஆசியாவில் தோன்றிய இந்தச் சிலந்தி இன்று உலகத்தின் வெப்பமான நாடுகள் எல்லாவற்றிலும் இருக்கிறது. எப்படிப் போனது? கப்பலில்தான். வாழைத்தார்களுக்கு இடையில் ஒளிந்து பயணம் செய்ததால் சில நாடுகளில் இதை வாழைச் சிலந்தி என்றே கூப்பிடுகிறார்கள். சிறுமலை வாழைக்கும் விருப்பாச்சி வாழைக்கும் புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல் மாவட்டம் நம்முடையது. தார் இறக்கும் இடத்தில் வேலை செய்யும் மாமாக்களைக் கேட்டால் இதைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். கையில் பிடித்து நசுக்கினால் கடிக்கும், குளவி கொட்டியதுபோல் வலிக்கும். தானாக வந்து யாரையும் கடிப்பதில்லை. நம்மைக் கண்டதும் அது ஓடுகிற ஓட்டமே பயத்தில்தான்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த சிலந்தி. திண்ணைச் சுவரில் வெயில் படும் இடத்தில் நடுப்பகலில் ஈயைத் துரத்திக்கொண்டிருக்கும். ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. ஓடும், நிற்கும், சட்டெனத் திரும்பி உங்களைப் பார்க்கும். ஆம், பார்க்கும். மற்றச் சிலந்திகளில் பலவற்றுக்கு எட்டுக் கண் இருந்தும் பார்வை மந்தம். அவை வலையின் அதிர்வையும் கால் முடிகள் உணர்வதையும் நம்பி வாழ்கின்றன. குதிக்கும் சிலந்திக்கு முன்வரிசையில் நான்கு கண்கள். நடுவில் இருக்கும் இரண்டும் மிகப் பெரியவை, சின்ன தொலைநோக்கிக் குழாய்களாகவே அமைந்தவை. வெளிவில்லை அசையாது. உள்ளே இருக்கும் விழித்திரைதான் அங்குமிங்கும் நகர்ந்து பார்க்கும். பக்கத்துக் கண்கள் அசைவைக் கவனிக்கும், உடனே உடம்பு திரும்பும், பெரிய கண்கள் உற்று நோக்கும். சுவரில் உங்கள் விரலை மெதுவாக இடமிருந்து வலமாக நகர்த்திப் பாருங்கள், அதுவும் கூடவே திரும்பும்.

இன்னொரு சோதனையும் செய்யலாம். சட்டைப்பையில் வைக்கும் சிறு கண்ணாடியை அதன் முன்னால் நிறுத்துங்கள். ஆண் சிலந்தியாக இருந்தால் எதிரே இன்னொருவன் வந்துவிட்டான் என்று முன்கால்களைத் தூக்கி மிரட்டும். ஆணா பெண்ணா என்று எப்படித் தெரியும்? வாய்க்கு இரு பக்கமும் குட்டிக் கைகள் இரண்டு இருக்கும். அவற்றைக் கால் என்று எண்ணிவிட்டு, "இதுக்குப் பத்துக் கால் சார்" என்று சொல்பவர்கள் உண்டு. அவற்றின் நுனி தடித்து உருண்டிருந்தால் வளர்ந்த ஆண். மெலிந்திருந்தால் பெண், அல்லது இன்னும் வளராத குஞ்சு.

நம் வீட்டில் இருப்பவற்றில் பிளெக்ஸிப்பஸ் வகை ஆண், கறுப்பு உடம்பில் நடுவே ஒரு வெள்ளைக் கோட்டோடு மிடுக்காக இருக்கும். பெண் பழுப்பு. மெனிமெரஸ் என்னும் இன்னொரு வகை சாம்பல் நிறத்தில் தட்டையாகச் சுவரோடு ஒட்டியிருக்கும். ஈ பிடிப்பதில் அது கெட்டிக்காரி. உலகின் சிலந்திக் குடும்பங்களில் மிகப் பெரியது இந்தக் குதிக்கும் கூட்டம்தான். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன.

தன் உடல் நீளத்தைப்போலப் பல மடங்கு தூரம் தாவுகிற இதற்கு வெட்டுக்கிளிக்கு இருப்பதுபோன்ற பருத்த தொடை இல்லை. பிறகு எப்படி? சிலந்தியின் கால்களில் முக்கியமான இரண்டு மூட்டுகளை மடக்கத் தசை உண்டு, நீட்டத் தசை இல்லை. உடம்புக்குள் இருக்கும் நீரைக் காலுக்குள் அழுத்தித்தான் நீட்டுகிறது. குதிக்கும் சிலந்தி அந்த அழுத்தத்தை ஒரே நொடியில் பின்கால்களுக்குள் செலுத்தித் தாவுகிறது. செத்த சிலந்தி எட்டுக் கால்களையும் உள்நோக்கி மடக்கிக்கொண்டு கிடப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதற்கும் இதுதான் காரணம். உயிர் போனதும் அழுத்தம் போய்விடுகிறது, மடக்கும் தசைதான் மிச்சம். தாவும் முன் அது உட்கார்ந்த இடத்தில் ஓர் இழையை ஒட்டிவிட்டுத்தான் கிளம்பும் என்பதையும் கவனியுங்கள். குறி தப்பினால் அந்த இழையில் தொங்கி மேலேறி வந்துவிடும்.

சுவரில் பொட்டு அளவுக்கு வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கிறதா? சுண்ணாம்பு உதிர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு அடியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர்ச் சிலந்தி ஒன்று இருக்கலாம். எறும்பு ஒன்று இழையை மிதித்ததும் வெளியே ஓடிவந்து, எறும்பைச் சுற்றிச் சுற்றி ஓடியே இழையால் கட்டிப்போடும். இந்தக் குடும்பத்தில் ஒரு வகையை 1962இல் அறிவியலுக்கு அறிமுகம் செய்தவர் பி.கே. டிக்கதர். இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் பணியாற்றி, நம் நாட்டுச் சிலந்திகளைப் பற்றி நிறைய எழுதியவர்.

மேசைக்கு அடியிலோ மாடிப்படிக்குக் கீழோ வட்ட வலை ஒன்று படுக்கைவாட்டில் விரிந்திருந்தால் அது சாம்பல் வீட்டுச் சிலந்தியாக இருக்கலாம். இதன் குடும்பத்துக்கே நஞ்சுச் சுரப்பி கிடையாது. நஞ்சு இல்லாமல் இரையை எப்படி அடக்குவது? சுற்றிக்கட்டித்தான். அமெரிக்க வெப்ப நாடுகளில் இருக்கும் இதன் உறவுச் சிலந்தி ஒன்று ஒரே இரையைக் கட்ட நூறு மீட்டருக்கும் மேல் இழை செலவழிப்பதை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள்.

வாசலுக்கு வருவோம். செம்பருத்திச் செடியில் செங்குத்தான வட்ட வலை, நடுவில் பெருக்கல் குறிபோல் நெளிநெளியாக வெள்ளை இழை, அதன்மேல் இரண்டிரண்டாகக் கால்களைச் சேர்த்துவைத்துத் தலைகீழாக ஒரு சிலந்தி இருந்தால் அது கையெழுத்துச் சிலந்தி. தெருவிளக்கு அருகே மாலையில் புதிதாக வலை பின்னி, விடியும் முன் அதைத் தின்று முடித்துவிடும் வட்டவலைக்காரர்களும் உண்டு. இழை புரதத்தால் ஆனது. தின்றால் மறுநாள் இழைக்கு அதுவே மூலப்பொருள்.

கள்ளிச்செடி வேலியில் வேறொரு வலையைப் பார்க்கலாம். நெருக்கமாக நெய்த சல்லடைத் துணியை நடுவில் லேசாகத் தூக்கிப் பிடித்ததுபோல் படுக்கைவாட்டில் ஒரு கூடாரம். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் திருவானைக்காவல் கதைதான் நினைவுக்கு வரும். திருச்சிக்குப் போகும் வழியில் பாட்டி சொல்லியிருப்பார். நாவல் மரத்தடி லிங்கத்தின்மேல் சருகு விழாமல் இருக்கச் சிலந்தி ஒன்று மேலே வலைப் பந்தல் போட்டது. யானை அதைத் தூசி என்று நினைத்துப் பிய்த்தது. அந்தச் சிலந்திதான் மறுபிறவியில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது என்பது கதை. செங்குத்தான வட்ட வலை எதுவும் பந்தலாக இருக்க முடியாது. கூடாரச் சிலந்தியின் வலையோ உண்மையிலேயே பந்தல்தான். அதில் பசை இல்லை, நாள்கணக்கில் நிலைத்திருக்கும், மேலிருந்து விழும் சருகையும் தாங்கும். கதையைச் சொன்ன முன்னோர் எந்தச் சிலந்தியைப் பார்த்துச் சொன்னார்கள் என்று யாரும் நிரூபிக்க முடியாது. என் வாக்கு கூடாரச் சிலந்திக்கு.

நம் பக்கத்து வறண்ட நிலத்துக்கே உரிய காட்சி ஒன்று உண்டு. வேலிக் கருவேல முள்ளில், சில இடங்களில் கம்பிவேலியிலும், சாம்பல் நிறத்தில் அழுக்கு மூட்டையாக ஒரு கூடு இருக்கும். காய்ந்த இலை, பூச்சிகளின் இறக்கை எல்லாம் ஒட்டி, நடுவில் துளைகளோடு அது தொங்கும். அதற்குள் ஒன்றல்ல, பத்து, நூறு என்று சிலந்திகள் சேர்ந்து வாழும். பெரிய வெட்டுக்கிளி சிக்கினால் பல சிலந்திகள் கூடி இழுக்கும், கூடித் தின்னும். ஐம்பதாயிரம் வகைகளில் இப்படி நிரந்தரமாகக் கூடி வாழ்பவை இருபது முப்பதுதான். மற்றவை ஒன்றையொன்று கண்டால் தின்றுவிடும். ஸ்டெகோடைபஸ் சரசினோரம் என்று 1892இல் இதற்குப் பெயர் வைத்தார்கள். இலங்கையில் உயிரினங்களைச் சேகரித்த சரசின் குடும்பத்து உறவினர்கள் இருவரின் நினைவாக அந்தப் பெயர். இதில் தாய், குஞ்சுகளுக்கு முதலில் தன் வாயிலிருந்து உணவை ஊட்டும். கடைசியில் தன்னையே உணவாகத் தந்துவிடும். பெரியம்மா சித்திகளும் அப்படியே. படிக்கக் கொடூரமாக இருக்கிறது, ஆனால் குஞ்சுகள் தப்பிப் பிழைப்பது அதனால்தான்.

நத்தம் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் உறவினர் வீட்டுக்குப் போனால் மாமரத்து முசுறு எறும்புகளை உற்றுப் பாருங்கள். நூற்றில் ஒன்று போலியாக இருக்கலாம். அது கிட்டத்தட்ட எறும்புதான், அதே சிவப்பு, அதே நடை. கால்களை எண்ணினால் எட்டு. முன்கால்களைத் தூக்கி உணர்கொம்பாக ஆட்டிக்கொண்டிருக்கும். குச்சியால் தொட்டால் எறும்பு திரும்பிக் கடிக்க வரும். இது நூலைப் பிடித்துக் கீழே குதித்துவிடும். இதுவும் குதிக்கும் சிலந்திக் குடும்பமே.

சிலந்தியைத் தேட இன்னொரு வழி, அதன் எதிரியைத் தேடுவது. ஜன்னல் சட்டத்திலும் மின்விசிறிப் பெட்டியிலும் களிமண்ணால் பூசி வைத்த குளவிக் கூடுகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றைக் கட்டும் குளவிகளில் ஒன்றுக்கு 1781இல் பெயர் வைத்தபோது, மதராஸ்பட்டினத்தின் பெயரையே வைத்தார்கள். அந்தக் குளவி சிலந்தியைக் கொட்டி, கொல்லாமல் மரக்கச் செய்து, தூக்கிவந்து மண் அறைக்குள் அடுக்கும். அறை நிறைந்ததும் ஒரு முட்டையிட்டு வாயை மூடிவிடும். பொரிந்து வரும் புழுவுக்கு, கெட்டுப்போகாத உணவு தயார். கொட்டக் கொட்டக் குளவியாகும் என்று ஊரில் சொல்கிறார்களே, அடைத்துவைத்த பூச்சி குளவியாக மாறிவிடுவதாக நினைத்ததால் வந்த பேச்சு அது. மாறுவது ஒன்றுமில்லை. உள்ளே போனது தீனி, வெளியே வந்தது முட்டையிலிருந்து வந்த பிள்ளை. பழைய கூடு உடைந்து விழுந்தால் உள்ளே இருப்பதை ஒரு வெள்ளைத்தாளில் கொட்டுங்கள். உங்கள் தெருவில் எந்தெந்தச் சிலந்தி இருக்கிறது என்று குளவி எடுத்த கணக்கு அதில் இருக்கும். துளை இல்லாத புதுக் கூட்டில் கை வைக்காதீர்கள்.

கடிக்குமே என்ற கேள்விக்கு வருகிறேன். காலையில் எழும்போது கழுத்தில் கோடுபோல் சிவந்து கொப்புளம் எழும்பியிருந்தால், "எட்டுக்கால் பூச்சி மேல போயிருக்குப்பா" என்று அப்பத்தா சொல்வார். மழைக்காலத்தில் இதற்குப் பெரும்பாலும் காரணம் வேறு. கறுப்பும் செம்மஞ்சளும் மாறி மாறி உள்ள ஒல்லியான சின்ன வண்டு ஒன்று விளக்கு வெளிச்சத்துக்கு வரும். கழுத்தில் ஊரும்போது நாம் தூக்கத்தில் தேய்த்துவிட்டால் அதன் உடம்பில் இருக்கும் பீடரின் என்ற பொருள் தோலில் பட்டுப் புண்ணாக்கும். அதை நசுக்காமல் ஊதிவிட வேண்டும், பட்ட இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பழி மட்டும் சிலந்திக்குப் போய்விடுகிறது.

அதற்காக எல்லாச் சிலந்தியையும் கையில் எடுக்கலாம் என்று அர்த்தமில்லை. கறுப்பு விதவைச் சிலந்தியின் உறவினர் இந்தியாவிலும் இலங்கையிலும் உண்டு. செங்கல் அடுக்கு, ஓட்டுக் குவியல் போன்ற இடங்களில் தரையை ஒட்டி வாழ்பவை. வீட்டுக்குள் பார்ப்பது அரிது. மரப்பொந்தில் வாழும் பெரிய டாரன்டுலாக்கள் கடித்தாலும் கடுமையாக வலிக்கும். அவற்றில் ஒரு வகையை இராமேசுவரத்தில் கண்டு 2004இல் பெயரிட்டார்கள். இன்று அது அழியும் நிலையில் இருக்கிறது. எனவே தொடாமல் பார்ப்பதே எல்லாவற்றுக்கும் பொதுவான விதி. சிலந்தியை வெளியே விட வேண்டுமானால் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து, அடியில் ஒரு அட்டையைச் செருகிக் கொண்டுபோய் விடுங்கள். அப்பாவின் கைப்பேசியில் மேலிருந்து ஒரு படம், முகத்துக்கு நேரே ஒரு படம், வலையோடு ஒரு படம் எடுத்து ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் போட்டால் தெரிந்தவர்கள் பெயர் சொல்வார்கள்.

இரவில்தான் கடைசிச் சிலந்தியைப் பார்க்க முடியும். அய்யலூர்க் காட்டில் தேவாங்கைக் கணக்கெடுப்பவர்கள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவார்கள். மரக்கிளையில் இரண்டு செம்மஞ்சள் கண்கள் மின்னினால் அது தேவாங்கு. 2022 அக்டோபரில் திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பில் அறிவிக்கப்பட்ட கடவூர் சரணாலயம்தான் இந்தியாவில் தேவாங்குக்கென அமைந்த முதல் சரணாலயம். தேவாங்குக்குச் சிலந்தியும் உணவு. அதே விளக்கு வித்தையைத் தக்காளித் தோட்டத்து வரப்பில் நீங்கள் செய்யலாம். தரையில் பச்சை கலந்த வெண்மையாகப் பொட்டுப் பொட்டாக மின்னும். பனித்துளி என்று நினைத்துப் பக்கத்தில் போனால் துளி ஓடும். அது ஓநாய்ச் சிலந்தியின் கண். பின்முனையில் உருண்டை முட்டைப்பையை இழுத்துக்கொண்டிருந்தாலும், முதுகு நிறையக் குஞ்சுகளைச் சுமந்திருந்தாலும் அது தாய். டார்ச்சை இடுப்பருகே பிடித்தால் ஒன்றும் தெரியாது. கண்ணுக்குள் போன ஒளி வந்த வழியேதான் திரும்பும் என்பதால் விளக்கு உங்கள் கண்ணுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். பாம்பும் தேளும் உலவும் நேரம் அது, செருப்பைப் போட்டுக்கொண்டு, பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.